பதினெட்டு வயதுக்குப் பின் என்ன?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பேருந்தில் ஏறி அமருங்கள். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சாலையின் இருபுறமும் குச்சிக்கிழங்குக் காடுகளையும், சேகோ ஆலைகளின் காயவைக்கும் களங்களையும், நீண்ட கூரை வேய்ந்த கோழிப் பண்ணைகளையும் காணலாம். உழைப்புக்குப் பெயர்பெற்ற சமவெளி இது. இங்கே பன்னிரண்டு வயதுப் பையன்கூட வீட்டுத் தொழிலில் ஒரு கை கொடுப்பான்.

இவ்வூர்களில் ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் இளைஞன் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவனை நாம் முருகன் என்று அழைப்போம். வயது பதினேழு. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கால்களும் வலக்கையும் விறைத்திருக்கின்றன. சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான் வாயில் வரும். எப்போதாவது வலிப்பு வரும். வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியரிடம் பல ஆண்டுகளாகப் பயிற்சி பெறுகிறான். அடுத்த ஆண்டு அந்தப் பயிற்சியும் முடிந்துவிடும். அவனுடைய தாய் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்களுக்கப்புறம் இவனை ஆரு பாத்துக்குவாங்க?"

இந்தக் கேள்வியை உங்கள் ஊரிலும் யாரேனும் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் நாம் அனுதாபத்துடன் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் விடை காண்பதற்கான வழிகள் இதற்கு உண்டு. உடலியல், உளவியல், கல்வியியல், சட்டம் ஆகிய நான்கும் கைகோத்து இதற்கு வழி காட்டியுள்ளன. அவ்வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

பல தேவைகள், ஓர் ஆள்

மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், வலிப்பு, பார்வைக் குறை, செவிக் குறை என்று நாம் தனித்தனியாகப் பெயர் சூட்டுகிறோம். இயற்கையோ அவற்றைத் தனித்தனியாகத் தருவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு வலிப்பும் இருக்கலாம். விழுங்குவதில் சிரமமும் இருக்கலாம். அறிவுத்திறன் முழுமையாகவும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். இத்தகையோரைத்தான் பல்வகைத் தேவைகள் உடையோர் என்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு குறை மற்றொரு திறனை மறைத்துவிடும். பேச முடியாதவனுக்குப் புரியாது என்று நினைத்துவிடுகிறோம். கையை நீட்ட முடியாதவனுக்கு விருப்பமில்லை என்று எண்ணிவிடுகிறோம். முருகனுக்குத் தெரிந்த சொற்கள் பத்து அல்ல. அவனால் ஒலிக்க முடிந்தவைதாம் பத்து. இந்த வேறுபாட்டை அறியாமல் செய்யும் எந்தத் திட்டமும் தவறாகவே போகும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் அறிவுத்திறன் குறைபாடு உடையோர் சுமார் 15 இலட்சம்; ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உடையோர் சுமார் 21 இலட்சம். தமிழ்நாட்டில் மட்டும் எல்லா வகையினரும் சேர்ந்து 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர்.

கேள்வி ஏன் இப்போது எழுகிறது?

முன்காலத்தில் இக்குழந்தைகளுள் பலர் இளமையிலேயே இறந்துவிடுவர். எடுத்துக்காட்டாக, டவுன் நோய்க்குறி உடையவர்களின் சராசரி ஆயுள் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சுமார் 25 ஆண்டுகளாகவே இருந்தது. இன்று அங்கே அது 60-ஐ எட்டியிருக்கிறது. இதய அறுவை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், குடும்பத்தோடு வாழ்தல் ஆகியவையே இம்மாற்றத்துக்குக் காரணம். நம் நாட்டிலும் மருத்துவ வசதி பெருகப் பெருக, பெற்றோர் மறைந்த பின்னும் பிள்ளைகள் பல்லாண்டு வாழும் நிலை வந்துகொண்டிருக்கிறது. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் அந்த நீண்ட வாழ்வுக்கு நாம் ஆயத்தம் செய்திருக்கிறோமா?

நம் சட்டங்கள் 18 வயது வரை கல்விக்கு வழி செய்துள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. கடுமையான குறைபாடு உடையோர் வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பும் உண்டு. ஆனால் 18-ஆம் பிறந்தநாளன்று என்ன நடக்கிறது? ஆசிரியர் வருவது நிற்கும். மற்ற பிள்ளைகள் கல்லூரிக்கோ தறிக்கோ பட்டறைக்கோ செல்வர். இவன் திண்ணையில் அமர்வான். பல ஆண்டு முயன்று கற்ற திறன்கள் பயன்பாடு இன்றிச் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும்.

எனவேதான் வளர்ந்த நாடுகளில் பள்ளியிலிருந்து வாழ்க்கைக்கு மாறும் காலத்தைத் தனிப் பருவமாகக் கருதித் திட்டமிடுகின்றனர். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டில் வந்த சட்டம், மாணவருக்கு 16 வயதாகும்போதே அவருக்கென ஒரு மாறுகாலத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. 18 வயதில் தொடங்கினால் காலம் கடந்துவிடும் என்பதே இதன் அடிப்படை.

உடல் வளர்கிறது, கவனம் தேவை

முதலில் உடலைப் பார்ப்போம். மூளை முடக்குவாதம் உள்ள பலருக்குத் தசைகள் இறுகிய நிலையில் இருக்கின்றன. அவ்வாறு இறுகிய தசை, எலும்பு வளரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து நீளுவதில்லை. 12 வயதிலிருந்து 16 வயது வரை எலும்புகள் வேகமாக நீள்கின்றன அல்லவா? அப்போது தசை மேலும் இழுபட்டு, முழங்கால் மடங்கியே நின்றுவிடலாம், இடுப்பு மூட்டு நழுவலாம், முதுகெலும்பு வளையலாம். சிறு வயதில் நன்றாக நடந்த பிள்ளை வளர்ந்தபின் நடக்க மறுப்பதன் காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல, இதுவேயாகும்.

இதைத் தடுக்க, சரியான முறையில் அமரவைத்தல், நாள்தோறும் சிறிது நேரம் தாங்கு கட்டையில் நிற்கவைத்தல், தசை நீட்டும் பயிற்சி ஆகியவற்றை இந்தப் பருவத்தில்தான் கூட்ட வேண்டும். நடைமுறையிலோ, "இத்தனை வருஷம் செய்தாயிற்று" என்று இந்தப் பருவத்தில்தான் அவை கைவிடப்படுகின்றன.

மற்றொன்று தூக்கும் கணக்கு. ஐந்து வயதில் 14 கிலோ எடை இருந்த மகனை இடுப்பில் சுமந்த தாய், 45 கிலோ எடை உள்ள மகனைத் தூக்க முடியாது. தூக்கினால் அவருடைய முதுகெலும்பு பாதிக்கப்படும். தூக்குவதற்குப் பதிலாக நகர்த்தும் முறையைக் கற்கவேண்டும். கட்டிலும் சக்கர நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால், ஒரு வழவழப்பான பலகையை இடையில் வைத்து, அதன்மீது சறுக்கி இடம் மாற்றலாம். கால்களை ஒரு நொடி ஊன்ற முடிந்தவருக்கு அதுவே பெரிய உதவி. ஆகவே, "ஒரு நொடி எழுந்து நில்" என்ற பயிற்சி, நடைப் பயிற்சியைக் காட்டிலும் பயன் தரக்கூடும்.

வலிப்பு உள்ளோர் மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. நம் பகுதியில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் பல உள்ளன. வலிப்பு உள்ளவர் அவற்றின் அருகே தனியே செல்லாமலும், தொட்டியிலோ வாய்க்காலிலோ தனியே குளிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறை தைராய்டு சோதனை செய்துகொள்வது நல்லது. மந்தமாகிவிட்டான் என்று நாம் எண்ணுவதற்குக் காரணம் தைராய்டுக் குறைவாக இருக்கலாம். அதற்கு எளிய மாத்திரை உண்டு.

சென்னை தந்த அளவுகோல்

அடுத்து, என்ன கற்பிப்பது? இவ்வினாவுக்கு நம் சென்னையிலேயே ஒரு விடை உருவாயிற்று என்பது பலருக்குத் தெரியாது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் 1970-களில் ஓர் அளவுகோலை உருவாக்கினர். மெட்ராஸ் வளர்ச்சி நிரல் முறை என்று அதைத் தமிழில் கூறலாம். சிறப்பாசிரியர்கள் அதைச் சுருக்கமாக எம்.டி.பி.எஸ். என்பர்.

இதில் 18 துறைகள் உள்ளன. உடலசைவு, கை விரல்களின் வேலை, உண்ணுதல், உடுத்துதல், தூய்மை, கழிப்பறைப் பழக்கம், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளுதல், தான் கருத்தை வெளியிடுதல், பிறருடன் பழகுதல், படிப்பு, எழுத்து, எண், நேரம், பணம், வீட்டு வேலை, ஊரை அறிதல், பொழுதுபோக்கு, தொழில் ஆகியவையே அவை. ஒவ்வொரு துறையிலும் எளியதிலிருந்து கடினமானதை நோக்கி 20 படிகள். ஆக மொத்தம் 360 படிகள்.

இதன் சிறப்பைக் கவனியுங்கள். அறிவுத்திறன் ஈவு என்னும் எண் ஒருவரைப் பற்றி என்ன சொல்கிறது? 40 என்றோ 50 என்றோ சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. நாளைக் காலையில் அவருக்கு எதைக் கற்பிப்பது என்பதை அது சொல்வதில்லை. எம்.டி.பி.எஸ். முறையிலோ ஒவ்வொரு படியும், அவரால் செய்ய முடியும் ஒரு செயலாக எழுதப்பட்டிருக்கிறது. செய்கிறாரா, இல்லையா என்று குறித்துக்கொண்டே வரவேண்டும். எந்தப் படியில் நின்றுவிடுகிறாரோ, அதற்கு அடுத்த படியே நாளைய பாடம். நோயின் பெயரைவிட்டு, செய்யக்கூடிய செயலை நோக்கி நம் கண்ணைத் திருப்புகிறது இம்முறை.

பெற்றோருக்கு இதில் மேலும் ஒரு பாடம் உண்டு. 18 துறைகளில் படிப்பு, எழுத்து, எண் ஆகியவை மூன்றே மூன்று. மீதி 15-உம் வாழ்க்கை! ஆனால் நம் வீடுகளில், "அ, ஆ எழுதுகிறானா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. பதினைந்து வயதில் பத்தாண்டு முயன்றும் எழுத்து வரவில்லை என்றால், மேலும் மூன்றாண்டை அதிலேயே கழிப்பதா, சட்டையைத் தானே போடவும், தாகம் என்று தெரிவிக்கவும் கற்பிப்பதா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

செயலைத் துண்டாக்குதல்

எதைக் கற்பிப்பது என்று தெரிந்துவிட்டது. எப்படிக் கற்பிப்பது?

1970-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மார்க் கோல்டு என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். அறிவுத்திறன் மிகவும் குறைந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு, பல பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வாய்ப்பேச்சு மிகக் குறைவு. வேலையைச் சிறுசிறு துண்டுகளாக்கினார். பாகங்களை வரிசையாக அறைகளில் வைத்தார். ஒரு பிரிவினருக்கு, பாகத்தின் எந்தப் பக்கம் தம்மை நோக்கி இருக்கவேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் தீட்டிக் கொடுத்தார். அவர்கள் மற்றவர்களைவிட விரைவில் கற்றனர். கற்றவர் யார் என்பதை விடக் கற்பித்த விதமே முக்கியம் என்பதை இச்சோதனை உலகுக்குக் காட்டிற்று. ஒருவர் கற்கவில்லை என்றால் வேறு வழியில் முயன்று பார் என்பதே அவர் கொள்கை.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். சட்டை போடுதலை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கையில் எடுத்தல், காலரைக் கண்டறிதல், ஒரு கையை நுழைத்தல், முதுகுப்பக்கம் கொண்டுவருதல், மறுகையை நுழைத்தல், பொத்தான்களைப் போடுதல் என்று அதைப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக்கலாம். பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும் என்பது முக்கியமான நுணுக்கம்.

இனி, எந்தத் துண்டிலிருந்து தொடங்குவது? முதலிலிருந்து என்று எண்ணுவீர்கள். கடைசியிலிருந்து தொடங்குவதே பல வேளைகளில் நல்லது! எல்லாத் துண்டுகளையும் நீங்கள் செய்துவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அவனிடம் விடுங்கள். அது முடிந்ததும் சட்டை போட்ட மகிழ்ச்சி அவனுக்கே கிடைக்கும். அது நன்கு வந்தபின், கடைசி இரண்டு பொத்தான்கள், பின்னர் மூன்று. இவ்வாறு பின்னிருந்து முன்னோக்கிச் செல்வதால் ஒவ்வொரு முறையும் வேலை வெற்றியிலேயே முடிகிறது.

உதவி செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. கையோடு கை வைத்துச் செய்வித்தல் முதல் நிலை. பின்னர் முழங்கையை மட்டும் தொடுதல். பின்னர் சுட்டிக் காட்டுதல். பின்னர் ஒரு சொல். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் காத்திருத்தல். இந்தக் காத்திருத்தல்தான் மிகக் கடினம். மூளை முடக்குவாதம் உள்ளவரின் மூளையிலிருந்து கட்டளை கைக்குப் போய்ச் சேர நமக்கு ஆவதைவிட அதிக நேரம் ஆகும். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பலர் மூன்று எண்ணுவதற்குள் தாமே செய்துவிடுகின்றனர். அவனும், "எப்படியும் அம்மா செய்வாள்" என்பதைத்தான் கற்றுக்கொள்கிறான்.

முட்டை அட்டை சொல்லும் பாடம்

நாமக்கல் என்றதும் முட்டை நினைவுக்கு வரும். முட்டை அடுக்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஐந்துக்கு ஆறு என முப்பது குழிகள். முப்பது வரை எண்ணத் தெரியாத ஒருவரால் முப்பது முட்டைகளைச் சரியாக அடுக்க முடியுமா? முடியும்! குழி நிறைந்தால் முப்பது. எண்ணும் வேலையை அட்டை செய்துவிடுகிறது.

தொழில் பயிற்சியின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆளிடம் இல்லாத திறனைப் பொருளில் ஏற்றிவிட வேண்டும். பத்துப் பொட்டலம் கட்ட வேண்டுமானால் பத்துக் கட்டம் போட்ட பலகை. ஒரு முழம் நீளம் வெட்ட வேண்டுமானால் ஒரு முழத்தில் முளை அடித்த கட்டை. எடை பார்க்கத் தெரியாதவருக்கு, அளவுக்கோடு போட்ட டப்பா.

வேலையைத் தேர்ந்தெடுப்பதில் ஆளின் தன்மையையும் இடத்தின் தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் ஆட்டிசம் உள்ள சிலரால் தாங்க முடியாதது. வலிப்பு உள்ளவருக்கோ ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை ஆபத்தானது. ஆனால் அதே தொழிலில், வீட்டில் அமர்ந்து தார் சுற்றுதலும் துணி மடித்தலும் சிலருக்குப் பொருந்தும். சேலத்து வெள்ளிப் பட்டறையில் பற்றவைக்கும் நெருப்பு வேலை ஆகாது; வளையங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் வேலை ஆகலாம். ஒரே செயலை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்வது நமக்குச் சலிப்பூட்டும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு அதுவே மன அமைதி தரும்.

மற்றொரு உண்மையையும் மறக்கக் கூடாது. ஓரிடத்தில் கற்றது தானாக மற்றோர் இடத்துக்குப் போய்விடாது. வகுப்பறையில் காகித ரூபாயைக் கொண்டு கணக்குக் கற்றவன், சந்தையில் தக்காளிக் கடைக்காரர் முன்னே திகைத்து நிற்பான். ஆகையால் கடையைக் கடையிலேயும், பேருந்தைப் பேருந்திலேயும் கற்பிக்க வேண்டும். அதற்கு உங்கள் ஊர்க் கடைக்காரரின் ஒத்துழைப்பு தேவை. அவன் பணத்தை எடுத்து நீட்டும்வரை அவர் சற்றுப் பொறுத்திருந்தால் போதும். அதுவே அவர் நடத்தும் வகுப்பு.

வேலை செய்ய முடியாதவர்களுக்கு?

எல்லாராலும் ஊதியம் ஈட்ட முடியாது. படுக்கையிலேயே இருப்போரும் உண்டு. அவர்களுக்குப் பெரியவராக வாழ்தல் என்றால் என்ன?

முதலாவது, தேர்ந்தெடுத்தல். இன்று நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா? காப்பியா, மோரா? இரண்டையும் முன்னே காட்டிவிட்டு, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கண்ணால் தேர்ந்தெடுப்பதும் தேர்ந்தெடுப்பதே. பெரியவருக்கும் குழந்தைக்கும் உள்ள முதல் வேறுபாடு, தமக்கானதைத் தாமே சொல்லுதல் அல்லவா?

அதற்கு ஒரு கருத்துப் பலகை தேவை. அட்டையில் சோறு, தண்ணீர், வலி, கழிப்பறை, வெளியே, போதும், வேண்டாம் என்பவற்றுக்குப் படம் ஒட்டி வைத்தால் முடிந்தது. செலவு சில ரூபாய். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் என்ற கருவி, படத்தைத் தொட்டால் அதைச் சொல்லாக ஒலிக்கும். பின்னர் அது கைக்கணினியில் இயங்கும் செயலியாகவும் வந்தது. பலகையானாலும் கருவியானாலும், "வேண்டாம்" என்ற படம் கட்டாயம் இருக்க வேண்டும். மறுக்கத் தெரியாதவரைப் பாதுகாப்பது கடினம்.

இரண்டாவது, பங்கு பெறுதல். முழு வேலையைச் செய்ய முடியாவிட்டாலும் அதில் ஒரு துண்டைச் செய்யலாம். சட்டினி அரைக்கும்போது மிக்ஸியின் பெரிய பொத்தானை அழுத்துவது முருகன் என்றால், அந்தச் சட்டினியில் அவனுக்கும் பங்கு உண்டு.

மூடி மறைக்கக் கூடாத பாடம்

பருவ வயது எல்லா உடலுக்கும் வருகிறது. அறிவுத்திறன் குறைவு அதைத் தடுப்பதில்லை. ஆனால் இதைப்பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். விளைவு, தன் உடலில் என்ன நடக்கிறது என்று அறியாமல் அப்பிள்ளைகள் அஞ்சுகின்றனர். தீயோரிடம் எளிதில் சிக்குகின்றனர்.

உடல் உறுப்புகளின் பெயர்கள், கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுதல், யார் தொடலாம், யார் தொடக்கூடாது, தொட்டால் யாரிடம் சொல்வது என்பவற்றைப் பத்து வயதிலிருந்தே படங்களால் கற்பிக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய்ப் பழக்கத்தையும் சட்டை போடுவதைப் போலவே துண்டு துண்டாக, பருவமடையும் முன்பே கற்பித்துவிடலாம். பலர் இதை நன்கு கற்றுக்கொள்கின்றனர்.

இத்தொல்லை வேண்டாம் என்று கருப்பையையே அகற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவரின் சுதந்திரமான, விளங்கிய இசைவு இல்லாமல் அவரை மலடாக்கும் எந்த மருத்துவச் செயலையும் தடை செய்கிறது. பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையெழுத்து யாருடையது?

18 வயது நிறைந்த அன்று சட்டத்தின் கண்ணில் முருகன் பெரியவன். அதற்குப்பின் தாய் தந்தையர் இயல்பாகவே அவனுடைய சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. வங்கியிலோ பத்திரப் பதிவு அலுவலகத்திலோ இந்தச் செய்தியை முதன்முதலாகக் கேட்டுத் திடுக்கிடும் பெற்றோர் பலர்.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்துள்ளது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு இச்சட்டம் பொருந்தும். மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழு விண்ணப்பத்தை ஆராய்ந்து காப்பாளரை நியமிக்கும். சேலத்தார் சேலம் ஆட்சியர் அலுவலகத்தையும், 1997 முதல் தனி மாவட்டமாக விளங்கும் நாமக்கல்லைச் சேர்ந்தோர் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தையும் அணுக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழிகாட்டுவார். இவ்வறக்கட்டளையின் நிராமயா என்னும் காப்பீடு, ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. காப்பாளர் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்பவர் அல்லர். தேவையான செயலுக்கு மட்டும், அவருடன் கலந்து, அவருடைய விருப்பத்துக்கு ஏற்ப முடிவு செய்யத் துணை நிற்பவர் என்கிறது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றி, 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் கருத்து இது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் குறிப்பிட்டது. புதிய சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு முதலியவற்றுக்கும் இடம் தந்திருக்கிறது.

இவை அனைத்துக்கும் அடிப்படை, மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும். கடுமையான பாதிப்பு உடையோருக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித் தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசு ஊழியரின் பிள்ளையாயின், சம்பாதிக்க இயலாத நிலையில் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டு. பணியில் இருக்கும்போதே பெற்றோர் இதைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

பயிற்சி முறைகளை அறிய விரும்புவோருக்கு இரு தேசிய நிறுவனங்கள் உள்ளன. ஒன்று 1984-இல் செகந்திராபாத்தில் தொடங்கப்பட்ட அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான நிறுவனம். மற்றொன்று 2005-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தொடங்கப்பட்ட பல்வகைக் குறைபாடு உடையோருக்கான நிறுவனம்.

எங்களுக்கப்புறம்?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

முதற்படி, ஒரு நோட்டுப் புத்தகம். முருகன் எந்த மருந்தை எந்த வேளையில் உண்கிறான், சோறு எவ்வளவு குழைந்திருக்க வேண்டும், வலி வந்தால் எந்த ஒலி எழுப்புவான், எதைக் கண்டு அஞ்சுவான், எதனால் சிரிப்பான் என்பவை இன்று தாயின் மனத்தில் மட்டும் இருக்கின்றன. அவர் நோயுற்றால் அந்த அறிவு முழுவதும் ஒரே நாளில் பயனற்றுப் போகும். இன்றிரவே எழுதத் தொடங்கலாம். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு மாணவர் எழுதித் தரலாம்.

இரண்டாம் படி, பல கைகள். பதினேழு ஆண்டுகள் ஒரே கையால் உண்டவன், அந்தக் கை இல்லாத அன்று உண்ண மறுப்பான். வாரம் ஒருநாள் சித்தியோ மாமாவோ ஊட்டட்டும். மாதம் ஓர் இரவு பாட்டி வீட்டில் தங்கட்டும். பெற்றோர் உயிரோடும் நலமாகவும் இருக்கும்போதே பிரிவைச் சிறிது சிறிதாகப் பழக்குவது கொடுமை அன்று. ஒரே நாளில் தாயையும் வீட்டையும் வழக்கங்களையும் இழக்கச் செய்வதுதான் கொடுமை.

மூன்றாம் படி, உடன்பிறந்தோர். "அண்ணனை நீதான் பார்த்துக்கணும்" என்று எட்டு வயதுத் தங்கையின் தலையில் சுமத்திவிடுவது நியாயமன்று. அவளுக்கும் தனி வாழ்வு உண்டு. அவள் வளர்ந்தபின் அவளைக் கலந்து பேசி, அவளால் எது முடியும் என்று கேட்டு, மீதிக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். இதே நிலையில் உள்ள நாலைந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தால் பகல் நேரப் பயிற்சி மையம் ஒன்றை நடத்தலாம். ஒருவருக்கொருவர் முறைவைத்து உதவலாம்.

இவற்றுக்குக் காலம் வேண்டும். பன்னிரண்டு வயதில் தன் வேலைகளைத் தானே செய்யும் பயிற்சி. பதினான்கில் வீட்டு வேலையில் பங்கு. பதினாறில் வெளியிலே ஒரு வேலையை முயன்று பார்த்தல். பதினேழில் சான்றுகளையும் காப்பாளர் விண்ணப்பத்தையும் ஆயத்தம் செய்தல் என்று திட்டமிட்டால், பதினெட்டாம் பிறந்தநாள் அச்சம் தராது. காலம் தவறியோர் கவலைப்பட வேண்டியதில்லை. கற்கும் ஆற்றல் பதினெட்டோடு நின்றுவிடுவதில்லை. முப்பது வயதிலும் புதிய திறன் கற்போர் உண்டு.

மாணவ நண்பர்களே! உங்கள் தெருவில் ஒரு முருகன் இருந்தால், அவன் தாயிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். அவனிடமே பேசுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். விடை கண்ணிலிருந்து வரலாம், கையசைவிலிருந்து வரலாம். அவனை அறிந்தவர் ஊரில் ஒருவர் கூடுகிறார் என்றால், அந்தத் தாயின் கேள்விக்குரிய விடையில் ஒரு பகுதி எழுதப்பட்டுவிட்டது என்று பொருள்.